வெற்றிலைக் கறையும் வெண்பல் நாட்டமும்

இலங்கையில் இலைத்துரு நோய் 1869 முதல் கோப்பிப் பயிரை அழிக்க, அதன் இடத்தில் தேயிலை பரவியபோது, கினிகத்தேனையைச் சூழ்ந்த தோட்டங்களில் குடியேறிய தமிழ்த் தொழிலாளர் வெற்றிலை போடும் வழக்கத்தையும் உடன் கொண்டுவந்தனர். சுண்ணாம்பின் காரம் பாக்கின் துவர்ப்புப் பொருளோடு சேர்வதால் எச்சில் சிவக்கிறது. சிவந்த உதடு அழகெனப் போற்றப்பட்ட அதே வாயில், காலப்போக்கில் பற்களின்மேல் கருங்கபிலக் கறை படிந்து இறுகியது. லயங்களில், அதாவது தொழிலாளரின் வரிசை வீடுகளில், அடுப்புக்கரியும் உப்பும் கொண்டு பல் துலக்கியவர்கள், பல்லின் மேலோடான எனாமலையும் சேர்த்தே தேய்த்தனர்.

இத்தகைய கறையை நீக்கவல்ல பல் மருத்துவத்துக்கான கல்வி இலங்கையில் 1943இல் கொழும்பில் தொடங்கி, 1954இல் பேராதனைக்கு மாறியது. கறையைச் சுரண்டி நீக்கும் ஸ்கேலிங், பெராக்சைடால் வெளுப்பூட்டும் முறை, பல்லின் முகப்பில் மெல்லிய பீங்கான் தகடு ஒட்டும் வெனீர் ஆகியன இன்று பல்லழகுச் சிகிச்சைகளாக வழங்குகின்றன. எனினும், புகையிலை கலவாத வெற்றிலைபாக்கும்கூட வாய்ப்புற்றைத் தோற்றுவிக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட அறிக்கை உறுதிசெய்திருப்பதால், கறை நீக்க வருவோரின் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத வெண்திட்டோ செந்திட்டோ உள்ளதா என்று பார்ப்பதே மருத்துவரின் முதற்பணியாக வேண்டும்.