ஹண்டியா: வீட்டுக்கும் சந்தைக்கும் இடையே

ஐரோப்பிய பீருக்கு வாற்கோதுமையை முளைகட்ட வேண்டும். சோட்டா நாக்பூரின் ஹண்டியாவுக்கு அது வேண்டியதில்லை. அரிசி மாவையும் மூலிகை வேர்களையும் இடித்து உருட்டிய ‘ரானு’ வில்லையின் பூஞ்சைகளே சோற்றின் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகின்றன; ஈஸ்ட் அதை நொதிக்கச் செய்கிறது. ஆறிய சோற்றில் ரானுவைத் தூவிப் பிசைந்து பானையில் மூடிவைத்தால் சில நாள்களில் பானம் கிடைத்துவிடும். இவ்வறிவு பெரும்பாலும் பெண்களுடையது.

காலனியக் கலால் ஆவணங்களில் அரிசி மதுவின் பெயர் ‘பச்வாய்’. வீட்டுத் தேவைக்குச் செய்துகொள்ளப் பழங்குடியினருக்குச் சலுகை இருந்தது. விற்பனைக்கு உரிமம் வேண்டும். வாரச்சந்தையில் பானையோடு அமரும் பெண்ணைக் குற்றவாளியாக்கியது அந்தக் கோடுதான். இதைக் கூறாமல் ‘பழங்குடியினரின் குடிப்பழக்கம்’ பற்றி எழுதுவது, என் பார்வையில், கலால் அதிகாரியின் கண்ணால் பார்ப்பதே. ஆயினும், 1914இல் ஓராவோன் மக்களிடையே ஜத்ரா பகத் தொடங்கிய தானா பகத் இயக்கமும் மதுவைத் துறக்கச் சொன்னது. அக்குரல் அதிகாரியுடையதன்று.