பவுணும் ஐயாயிரம் ரூபாவும்

செட்டியார் தெருவிலோ வெள்ளவத்தைக் காலி வீதியிலோ ஒரு நகைக்கடைக்குள் நுழைந்தால் முதலில் காதில் விழும் சொல் 'பவுண்'. தாலிக்கொடி எத்தனை பவுண், காப்பு எத்தனை பவுண் என்றுதான் கேட்பார்கள். கொட்டாஞ்சேனையில் வளர்ந்த எனக்கு அது வெறும் எடையாகவே பட்டது. அது ஓர் அரசின் நாணயம் என்பதைப் பின்னாளில்தான் அறிந்தேன்.

1817இல் பிரித்தானியா வெளியிட்ட சவரன் என்ற பொற்காசு 22 கரட், எடை 7.98 கிராம், மதிப்பு ஒரு பவுண். காசு புழக்கத்திலிருந்து மறைந்தது. எட்டுக் கிராம் என்ற அளவும் அந்தப் பெயரும் எங்கள் வாயில் நிலைத்துவிட்டன. அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்னரே சோழர் கல்வெட்டுகள் ஈழக்காசைப் பற்றிப் பேசுகின்றன.

1950இல் தொடங்கிய எமது மத்திய வங்கிக்கு, 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் நாணயம் வெளியிடும் தனியுரிமையைத் தந்தது. அதனிடத்தில் வந்த 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்திலும் அந்த உரிமை வங்கியிடமே உள்ளது. 1957இல் புத்த ஜயந்திக்காக ஐந்து ரூபா வெள்ளிக் குத்தி வெளிவந்தது. 1998இல் சுதந்திரப் பொன்விழாவுக்கு 5000 ரூபாப் பொற்குத்தி வந்தது. 22 கரட், ஏறக்குறைய ஒரு பவுண் எடை.

இத்தகைய ஞாபகார்த்தக் குத்திகளை முகப்பெறுமதிக்கு மேலான விலைக்கு விற்கலாம். ஆனால், பணமாகக் கொடுக்கும்போது சட்டம் உறுதியளிப்பது பொறித்த தொகையை மட்டுமே. 1998இல் இது பெரிய வேறுபாடாகத் தெரியவில்லை. உள்ளிருந்த பொன்னின் பெறுமதியும் ஐயாயிரத்துக்கு அருகில்தான் இருந்தது. 2025இல் ஒரு பவுணின் விலை இரண்டு இலட்சம் ரூபாவைத் தாண்டிவிட்டது. குத்தியிலுள்ள எழுத்து அப்படியே இருக்கிறது. மாறியது குத்தியிலுள்ள பொன் அல்ல, ரூபாவின் பலமும் பொன்னின் விலையுந்தான்.

1983 ஜூலையில் கொழும்பிலிருந்து கப்பலேறியவர்களில் சிலருக்குச் சேலைத் தலைப்பில் முடிந்த பவுணே மிஞ்சிய சொத்து. நாணயச் சட்டத்தைப் படிக்காத எங்கள் பாட்டிமார், அரசின் முத்திரையை விடப் பொன்னின் எடையை நம்பினார்கள். ஒரு நாட்டின் நாணயம் மக்கள் மனத்தில் எவ்வளவு மதிப்புப் பெற்றிருக்கிறது என்பதை அறிய, அந்த முடிச்சும் ஒரு சாட்சி, நேயர்களே.