செல்லக் காய்

'சௌசௌ' என்று எழுதினால் அகராதிக்காரர் எழுதியதுபோல் இருக்கிறது. வத்தலக்குண்டு காய்க்கடைகளில் வாயில் புழங்குவது 'சவ்சவ்'. பண்ணைக்காடு, தாண்டிக்குடிப் பக்கத்து மலைச்சரிவுகளில் பந்தலில் தொங்கும் காய் இது. பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கலாம், சாம்பாரில் போடலாம், தோலைச் சீவித் துவையல் அரைக்கலாம். தனக்கென்று பெரிய ருசி இல்லாததால் யாரோடும் சண்டைக்குப் போகாது. நீலகிரியில் இதை மேரக்காய் என்பார்கள். வேறு பல ஊர்களில் பெங்களூர்க் கத்திரிக்காய். பெங்களூரில் போய்க் கேட்டால் 'சீமெ பதனெ', அதாவது சீமைக் கத்திரிக்காய் என்று அடுத்த நாட்டின் தலையில் கட்டிவிடுகிறார்கள். அந்த ஊர் ஓட்டலில் 'சௌசௌ பாத்' கேட்டால் காரா பாத்தும் கேசரி பாத்தும் ஒரே தட்டில் வரும். அதில் காயைத் தேடக்கூடாது.

காயின் பிறப்பிடம் மெக்சிகோ, குவாத்தமாலாப் பக்கம். அங்கே பழங்குடியினர் பேசிய நாவாட்டில் மொழியில் 'சயோத்லி'. ஸ்பானியர் வாயில் அது 'சயோத்தே' ஆயிற்று. பிறகு கப்பலேறிய இடமெல்லாம் சொல்லும் தேய்ந்து உருண்டது. ஜமைக்காவில் சோச்சோ, பிரேசிலில் ஷுஷு, பிரெஞ்சு பேசும் ரெயூனியனிலும் மொரிஷியஸிலும் ஷூஷூ. நம் சவ்சவ்வும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் என்பது என் கணிப்பு.

இங்கே ஒரு கதை கட்ட எனக்கும் ஆசை உண்டு. கொடைக்கானலுக்குக் கீழே செண்பகனூரில் பிரெஞ்சு நாட்டு ஏசுசபைப் பாதிரிமார் 1895-ல் திரு இருதயக் கல்லூரியைத் தொடங்கினார்கள். செடிகொடிகளைச் சேகரித்துப் படிப்பதில் பேர்போனவர்கள். காயும் பெயரும் அவர்கள் மூட்டையில்தான் மலையேறின என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடியும். ஆதாரம் இல்லாமல் அப்படி எழுதுவது சொல்லாராய்ச்சி ஆகாது.

பிரெஞ்சுக்கு நான் வந்து சேர்ந்தது வேறு வழியில். அக்கா மகள் கல்யாணம் ஆகி பாரிஸ் பக்கம் போனவள். வகுப்பில் சேர்ந்து படித்த பிரெஞ்சு அவளுக்கு ரேஷன் கார்டு போன்றது, காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் காட்டுவாள். பேசப் பழகியது மகள் பிறந்து, அவளைக் குழந்தைகள் காப்பகத்தில் விட ஆரம்பித்த பிறகு. அங்கிருந்த ஆயாக்கள் குழந்தையை 'மோன் ஷூ' என்று கொஞ்சினார்கள். இதைப் போனில் கேட்ட எங்கள் அம்மா கொதித்துப்போனார். "பிள்ளையைப் போய் செருப்புன்னா கூப்பிடுறாளுக?"

"செருப்பில்லை அம்மாச்சி, முட்டைக்கோஸ்."

அதைக் கேட்டும் அம்மாவுக்குச் சமாதானம் ஆகவில்லை.

பிரெஞ்சில் 'ஷூ' என்றால் முட்டைக்கோஸ். அதுவே செல்லப் பெயரும். நாம் கண்ணு, தங்கம், ராசாத்தி என்று உயர்ந்த சரக்காகப் பார்த்து எடுக்கிறோம். அவர்களோ 'என் கோஸே', 'என் முயலே', 'என் தெள்ளுப்பூச்சியே' என்று கொஞ்சுகிறார்கள். கோஸை இரட்டித்தால் 'ஷூஷூ'. வாத்தியாருக்குப் பிடித்த பிள்ளையை மற்றப் பிள்ளைகள் பொறாமையோடு சொல்லும் சொல் அது. பெண்பிள்ளைகள் தலைமுடிக்குப் போடும் சுருக்குத்துணி வளையமும் ஷூஷூதான். காலையில் பள்ளிக்குக் கிளம்பும் நேரத்தில் "என் ஷூஷூ எங்கே?" என்று பிள்ளை கத்தினால், தாய் தேட வேண்டியது இந்த வளையத்தை.

சொல்லை இரட்டிப்பது பிரெஞ்சுத் தொட்டிலின் பழக்கம். தூக்கம் 'தோதோ', காயம் 'போபோ', கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிப்பொம்மை 'தூதூ', பார்த்துக்கொள்ளும் ஆயா 'நூநூ'. நம்மிடம் மம்மம், உவ்வா, ஜோஜோ. ஒரு மாத வித்தியாசத்தில் இரண்டு மூட்டையும் ஒரே நாக்கில் இறங்கினால் குழப்பம் வராமல் இருக்குமா? 'தாத்தா' விஷயத்தில் வந்தது. பிரெஞ்சுக் குழந்தைக்கு 'தத்தா' என்றால் அத்தை, சித்தி. எங்கள் மச்சான் வீடியோவில் மீசையை முறுக்கிக்கொண்டு "தாத்தா சொல்லு" என்று கேட்க, பேத்தி பக்கத்தில் நின்ற தன் அத்தையைக் கைகாட்டினாளாம்.

இரட்டைக்கிளவி பிரித்தால் பொருள் தராது என்பது நம் இலக்கண வாத்தியார் சொன்னது. சவ்சவ்வைப் பிரித்தால் 'சவ்' நிற்கும், பொருள் நிற்காது. பிரெஞ்சுக்காரர் காதுக்கோ ஷூஷூவைப் பிரித்தால் உள்ளே கோஸ் கிடக்கும். நாவாட்டில் சொல் பல வாய் மாறித் தேய்ந்தபோது, தொட்டிலில் ஏற்கெனவே ஓர் இடம் காலியாக இருந்தது என்று தோன்றுகிறது. காதுக்குப் பழகிய ஓசையில் போய்ச் சொல் உட்கார்ந்துகொண்டது. வேர் வேறு என்றாலும் ஓசை ஒன்று.

அந்தக் கோஸின் வேர் லத்தீன் 'காவுலிஸ்'. தண்டு என்று பொருள். போர்த்துக்கீசியர் அதைக் 'கோவ்' ஆக்கி இலங்கைக்குக் கொண்டுபோக, யாழ்ப்பாணத்தில் முட்டைக்கோஸுக்குக் 'கோவா' என்று பெயர். பாரிஸில் லா ஷப்பேல் பக்கம் மரக்கறிக் கடை வைத்திருக்கும் ஈழத்தமிழர் எடைபோடும் கோவாவும், அவர் மகளை ஆசிரியை கொஞ்சும் ஷூவும் பங்காளிகள்.

பாரிஸ் சூப்பர் மார்க்கெட்டில் ஷூஷூ என்று கேட்டால் முடி வளையத்தைக் காட்டுவார்கள். காய்க்கு அங்கே 'ஷயோத்' அல்லது 'கிறிஸ்தொஃபீன்'. காயை ஷூஷூ என்று சொல்பவர் ரெயூனியன்காரராக இருக்கக்கூடும். அவருடைய கொள்ளுப்பாட்டி தமிழ்க்காரியாகவும் இருக்கலாம். 1848-ல் அந்தத் தீவில் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1860-ல் பிரான்சும் பிரிட்டனும் ஒப்பந்தம் போட்டு, பிரிட்டிஷ் இந்தியாவிலிருந்தும் கூலிகளை ஏற்ற வழி செய்தன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறியவர்களில் தமிழர் நிறைய. அவர்கள் பட்ட பாடு தாளாமல் 1882-ல் பிரிட்டன் ஆள் அனுப்புவதை நிறுத்தியது.

கப்பலேறியவர்களின் பிள்ளைகள் கிரியோல் பேசி வளர்ந்தார்கள். தமிழ் எழுத்து போயிற்று, பேச்சும் போயிற்று. அடுப்படி மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. கறிவேப்பிலை 'கலுபிலே' ஆகவும், கொத்தமல்லி 'கோத்தோமிலி' ஆகவும், முருங்கை 'மூரூம்' ஆகவும் அங்கே இன்றும் புழங்குகின்றன. 'ருகாய்' என்று ஒரு தொட்டுகை இல்லாமல் ரெயூனியன் சாப்பாடு கிடையாது. நம் ஊறுகாய்தான் தலையெழுத்தை இழந்து அப்படி நிற்கிறது. தமிழ்த் தாய்மார் பிரெஞ்சு கற்றதைப் பற்றியே பேசுகிறோம். அவர்கள் பிரெஞ்சுக்குக் கற்றுக்கொடுத்ததையும் கணக்கில் எழுத வேண்டும். வேறு வழியில் போன சொல்லும் உண்டு. வெற்றிலைக்குப் பிரெஞ்சில் 'பெத்தெல்' என்று பெயர். தென்னிந்தியச் சொல் போர்த்துக்கீசியர் வழியாக அங்கே போனது. வத்தலக்குண்டு என்பதே வெற்றிலைக்குண்டு என்பதன் திரிபு என்று எங்கள் ஊரில் சொல்வார்கள். அது சரியென்றால் ஊர்ப்பெயரில் பாதி பிரெஞ்சு அகராதியில் ஏறி வெகுகாலம் ஆகிறது.

ரெயூனியனில் சலாசி என்ற மலைப்பகுதி முழுக்க ஷூஷூக் கொடிதான். காயைத் தின்பதோடு விடுவதில்லை. கொடியை உரித்து, நாரைக் காயவைத்துத் தொப்பியும் கூடையும் பின்னியிருக்கிறார்கள். இளங்கொழுந்தைக் கிள்ளி, இஞ்சி பூண்டு தட்டிப்போட்டு வதக்கிச் சோற்றோடு தின்கிறார்கள். அதற்கு 'பிரேத் ஷூஷூ', அதாவது ஷூஷூக்கீரை என்று பெயர். அக்கா மகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் காப்பகத்தில் வேலை பார்க்கும் ரெயூனியன் பெண். லீவுக்கு வந்தபோது காய்க்கடை அண்ணாச்சியிடம் போய், "சவ்சவ் கொழுந்து கிடைக்குமா?" என்று கேட்டாள். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதை மாடுதாம்மா திங்கும்" என்றார். மறுநாள் தாண்டிக்குடி பஸ் டிரைவரிடம் சொல்லிவிட்டு ஒரு கட்டு வரவழைத்தும் கொடுத்தார்.