கல்குவாரி அருகே வீட்டுக் கிணறு வற்றுவது ஏன்?
திருவனந்தபுரம் மாவட்டம் பள்ளிச்சல் பகுதியிலுள்ள மூக்குன்னிமலையில், ரப்பர் பயிரிட அரசு ஒதுக்கிய நிலத்தில் கல்குவாரிகள் இயங்கிய விவகாரம் விஜிலன்ஸ் விசாரணை வரை சென்றது. இத்தகைய குவாரிகளின் அருகே வசிப்போருக்கு வீட்டுக் கிணறு பற்றிய அச்சமும் உண்டு.

கடும்பாறைப் பகுதிகளில் நிலத்தடி நீர், மேலடுக்கிலுள்ள சிதைந்த பாறையிலும் அதன் கீழுள்ள பாறைப் பிளவுகளிலுமே தங்குகிறது. குவாரிக் குழி நீர்மட்டத்துக்குக் கீழே சென்று, அதில் ஊறும் நீர் மோட்டார் மூலம் வெளியேற்றப்படும்போது, சுற்றுப்புற நீர் குழியை நோக்கி நகர்கிறது. ஆழமற்ற கிணறுகள் முதலில் வற்றுகின்றன. ஒரே பிளவில் இணைந்திருந்தால் தொலைவிலுள்ள கிணறும் பாதிக்கப்படலாம். இணைப்பு இல்லாவிடில் அருகிலுள்ளதும் தப்பலாம்.

விதிகளோ தூரத்தையே அளவுகோலாகக் கொள்கின்றன. வீடுகளிலிருந்து 100 மீட்டராக இருந்த இடைவெளியை கேரள அரசு 2017-இல் 50 மீட்டராகக் குறைத்தது. வெடிவைக்கும் குவாரிகளுக்கு 200 மீட்டர் தேவை என தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020-இல் உத்தரவிட, விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

கோடையில் கிணறு வற்றுவது இயல்பே என்ற வாதத்தை எதிர்கொள்ள, குவாரி தொடங்கும் முன்பிருந்தே மாதந்தோறும் குறித்த நீர்மட்ட அளவும் மழை விவரமும் வேண்டும். அத்தகைய பதிவை வீட்டார் வைத்திருப்பது அரிது.