மொரிஸ் மைனருக்குள் ஒரு டட்சன்: ஊவா மலைப்பாதைகளில் எஞ்சின் மாறிய கதை

பழைய காரின் எஞ்சின் இனிச் சரிவராது என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டால், குறைந்த செலவில் வேறு எதை வாங்கிப் பொருத்துவது என்ற கேள்வி ஊவா மாகாணத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டு வருகின்றது. பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை, பசறை என எந்த நகரத்துக் கராஜுக்குச் சென்றாலும் அதற்கு ஒரு பதில் கிடைக்கும். ஆனால், அந்தப் பதில் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றது. கொழும்பில் நிதியமைச்சு எடுத்த தீர்மானங்களும், தோட்டங்களின் உடைமை கைமாறியதும், ஏழாயிரம் கிலோமீற்றருக்கு அளவில் தொலைவிலுள்ள ஜப்பானின் வாகனச் சட்டங்களும் அதனை மாற்றியிருக்கின்றன.

இன்று இந்தக் கேள்வி மீண்டும் சூடுபிடித்திருப்பதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இல் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாத நிலையை அறிவித்தது. ரூபாயின் பெறுமதி சரிந்தது. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களின் இறக்குமதிக்கு மீண்டும் வழி திறக்கப்பட்டபோதிலும், வீழ்ந்த ரூபாயும் உயர்ந்த வரிகளும் சேர்ந்து புதிய காரை ஓர் ஆசிரியரோ தோட்ட உத்தியோகத்தரோ எட்ட முடியாத உயரத்தில் வைத்துவிட்டன. ஆகவே, இருக்கும் காரை ஓடவைப்பதே பலருக்கும் உள்ள ஒரே வழி. இந்த நெருக்கடி முதல் தடவையாக வந்ததல்ல என்பதனால், முன்னையோர் என்ன செய்தார்கள் என்பதைப் பார்ப்பது பயனுடையது.

முதலில் நிலத்தைக் கவனிக்கவேண்டும். பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலும் அப்புத்தளை 1,430 மீற்றர் உயரத்திலும் உள்ளன. அப்புத்தளையிலிருந்து பெரகலை, கொஸ்லாந்தை வழியாக இறங்கி வெல்லவாயாவை அடையும்போது உயரம் இருநூறு மீற்றர் அளவுக்குக் குறைந்துவிடுகின்றது. டேர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏற்றத்துக்கும் தனது வலுவில் ஏறத்தாழப் பத்து வீதத்தை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. 48 குதிரை வலு கொண்ட மொரிஸ் மைனர் அப்புத்தளையை அடையும்போது அதனிடம் எஞ்சியிருப்பது 41 மட்டுமே. கொழும்பில் நன்றாக ஓடுகின்றது என்று சொல்லி விற்கப்பட்ட பல கார்கள் பெரகலை ஏற்றத்தில் கொதித்து நின்றமைக்குக் காரணம் இதுவே.

பண்டாரவளைக்கு 1894இல் வந்த புகையிரதம் பதுளையை அடைய 1924 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அந்த இடைவெளியில்தான் மோட்டார் கார் இந்த மலைகளுக்கு வந்தது. அக்காலத்தில் கார் என்பது துரைமாரின் உடைமை. ஒஸ்டின், மொரிஸ், ஹில்மன் போன்ற பிரித்தானிய வாகனங்களே பெரும்பான்மை. உதிரிப்பாகம் வேண்டுமென்றால் கொழும்பு முகவருக்குக் கடிதம் எழுதினால் போதும். கப்பலில் வந்து சேரும். ஓர் எஞ்சின் கெட்டால் அதே எஞ்சின் மீண்டும் வரும். வேறொன்றைப் பொருத்தும் தேவை எவருக்கும் எழவில்லை.

இந்த நிலை 1960களின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. அந்நியச் செலாவணி கையிருப்பு கரையக் கரைய, வாகனங்களின் மீதும் உதிரிப்பாகங்களின் மீதும் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. 1970 முதல் 1977 வரையான காலத்தில் அவை மேலும் இறுகின. 1973இன் எண்ணெய் நெருக்கடி பெற்றோலின் விலையையும் ஏற்றியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1975ஆம் ஆண்டுத் திருத்தமும் தோட்டங்களை அரசுடைமையாக்கின. வெளியேறிய துரைமாரின் கார்கள் கடை முதலாளிமார், தோட்டக் கிளாக்கர்மார், வாடகைக் கார்ச் சாரதிகள் ஆகியோரின் கைகளுக்கு வந்தன. கார் வந்தது, உதிரிப்பாகம் வரவில்லை.

அந்தக் காலத்துப் பதில் பழைய எஞ்சினையே கடைந்து வாழவைப்பதாகும். தேய்ந்த சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்தில் 20, பின்னர் 40, பின்னர் 60 என்று கடைந்து, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனை இடுவார்கள். அதற்கு மேல் கடைய உலோகம் இல்லாதபோது சிலிண்டருக்குள் ஸ்லீவ் இறக்கி மீண்டும் முதல் அளவிலிருந்து தொடங்குவார்கள். இந்தக் கைவேலையைச் செய்தவர்களில் கணிசமானோர் தேயிலைத் தொழிற்சாலைகளில் லேத் இயந்திரத்தில் வேலை பழகிய பிட்டர்மார். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா சென்ற குடும்பங்களோடு இத்தகைய தொழில் தெரிந்தவர்களும் சென்றார்கள். தோட்டங்கள் இழந்தது தேயிலைக் கொழுந்து பறித்த கைகளை மட்டுமல்ல என்பதை அக்கால வரலாற்றை எழுதுவோர் அதிகம் குறிப்பிடுவதில்லை.

1977இல் திறந்த பொருளாதாரக் கொள்கை வந்ததும் நிலைமை தலைகீழாக மாறியது. ஜப்பானில் புதிய கார் ஒன்று மூன்று ஆண்டுகளின் பின்னரும், அதன்பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறையும் செலவு மிகுந்த பரிசோதனைக்கு உட்படவேண்டும். அதனால் நல்ல நிலையிலுள்ள கார்களையே அங்குள்ளவர்கள் கழித்துவிடுகின்றார்கள். அவற்றின் எஞ்சின்கள் கப்பலேறிக் கொழும்பு பஞ்சிகாவத்தைக்கு வந்து குவிந்தன. கடைந்து கடைந்து தேய்ந்த மொரிஸ் எஞ்சினைத் திருத்தும் செலவோடு சிறிது சேர்த்தால், அதிகம் ஓடாத ஜப்பானிய எஞ்சின் ஒன்றைக் கியர்பெட்டியோடு வாங்கலாம் என்ற நிலை உருவாகியது. ஊவாவிலிருந்து இரவு புகையிரதத்தில் கொழும்பு சென்று, மறுநாள் லொறியில் எஞ்சினை ஏற்றி அனுப்புவது வழக்கமாயிற்று.

மொரிஸ் மைனருக்கும் சிறிய ஒஸ்டின்களுக்கும் அதிகம் விரும்பப்பட்டவை இரண்டு. ஒன்று நிஸானின் 1,171 சீசீ கொண்ட ஏ12. மற்றது டொயோட்டாவின் 1,166 சீசீ கொண்ட 3கே. மொரிஸ் மைனரின் கடைசி எஞ்சின் 1,098 சீசீ கொண்டது. அளவில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால், மொரிஸின் கிராங்க் தண்டு மூன்று பெயாரிங்குகளில் சுழல, ஏ12இன் தண்டு ஐந்து பெயாரிங்குகளில் சுழன்றது. நீண்ட ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அரை மணிநேரம் இழுக்கவேண்டிய காருக்கு இது பெரும் வேறுபாடு.

இதில் ஒரு வரலாற்று வேடிக்கையும் உண்டு. நிஸான் நிறுவனம் 1952 டிசம்பரில் பிரித்தானிய ஒஸ்டின் நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்து, ஏ40 காரையும் பின்னர் ஏ50 காரையும் ஜப்பானில் தயாரித்தது. ஏ50இன் 1,489 சீசீ எஞ்சினின் ஸ்ட்ரோக்கைக் குறைத்து ஒரு லீற்றர் எஞ்சினாக ஆக்கலாம் என்று வழிகாட்டியவர் டொனால்ட் ஸ்டோன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர். அந்த எஞ்சின் 1957இல் டட்சன் காரில் வந்தது. 1966இல் சனி காருக்காக நிஸான் புதிதாக வடிவமைத்த ஏ10 எஞ்சினும், அதன்பின் வந்த ஏ12உம் வேறு எஞ்சின்கள்தாம். எனினும் சிலிண்டரின் விட்டம் ஏறத்தாழ அதே 73 மில்லிமீற்றராகவே இருந்தது. ஒஸ்டினுக்குள் டட்சன் எஞ்சினைப் பொருத்திய பண்டாரவளை மெக்கானிக், தாய்வீட்டுக்குப் பேரனை அழைத்து வந்திருந்தார்.

இந்தியாவில் இதே காரியத்தைத் தொழிற்சாலையே செய்தது. மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டின் வழிவந்த அம்பாசடர் காருக்கு 1990களின் தொடக்கத்தில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் ஜப்பானின் இசுசு எஞ்சினைப் பொருத்தி விற்றது. அங்கே பொறியியலாளர்கள் வரைபடத்தில் செய்ததை, இங்கே வீதியோரக் கராஜில் இரும்புத் தகட்டை வெட்டி, வெல்டிங் செய்து முடித்தார்கள்.

நிற்க. எஞ்சின் பொருந்திவிட்டால் வேலை முடிந்துவிடுவதில்லை. தொடக்ககால 803 சீசீ மொரிஸ் மைனருக்கு வலு குறைவு என்பதால் அதன் டிஃபரன்ஷியல் ஏற்றத்துக்கு உகந்த விகிதத்தில் அமைந்தது. அதன்மேல் ஏ12ஐப் பொருத்தினால் கார் மலையில் ஆடுபோல் ஏறும்; வெல்லவாயாவின் சமதரையிலோ எஞ்சின் அலறும். முன்சக்கரப் பிரேக் டிரம் 7 அங்குலமாக இருந்த கார்களுக்குக் கூடுதல் வலு ஆபத்தாகவும் அமைந்தது. 1962இல் 1,098 சீசீ எஞ்சினைக் கொடுத்தபோது மொரிஸ் நிறுவனமே அதனை 8 அங்குலமாக்கியது. ஏறுவதற்கான வலுவை வாங்குகின்றவர் இறங்குவதற்கான பிரேக்கையும் வாங்கவேண்டும். அதனை மறந்தவர்கள் கொஸ்லாந்தை இறக்கத்தில் நினைத்துக்கொண்டார்கள்.

டீசலின் கதை வேறு. டீசலின் விலை பல பத்தாண்டுகளாகப் பெற்றோலைவிடக் குறைவாகவே வைக்கப்பட்டிருந்தது. ஆகவே ஒஸ்டின் கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய கார்களுக்கு டொயோட்டாவின் 1,974 சீசீ கொண்ட 2சி போன்ற டீசல் எஞ்சின்களும், தோட்டத்து லேண்ட் ரோவர்களுக்கு இசுசு, நிஸான் டீசல் எஞ்சின்களும் ஏறின. நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடும் வாடகைக் காருக்கு இதனால் மீதமான எரிபொருட் செலவு எஞ்சினின் விலையை விரைவில் ஈடுசெய்தது. சனிக்கிழமை சந்தைக்கு மட்டும் காரை எடுக்கும் ஆசிரியருக்கு அது ஒருபோதும் ஈடாகவில்லை. கூடுதல் எடை முன் சஸ்பென்ஷனைத் தேய்த்தது. த்ரொட்டிலை மூடியதும் பெற்றோல் எஞ்சின் தரும் இழுத்துப்பிடிப்பும் இறக்கத்தில் அதே அளவில் கிடைக்கவில்லை.

வாடகைக் கார் என்று எளிதாகச் சொல்லிவிட்டோம். தோட்ட லயங்களில் வாழ்ந்தவர்களுக்கு அதன் பொருள் பெரிது. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, அதன் பின்னரே ஏனைய மாகாணங்களுக்கு விரிந்தது. அதற்கு முன்னர் மடுல்சீமையிலோ பூனாகலையிலோ நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல இருந்தவை தோட்டத்து லொறியும், அருகிலுள்ள கடைவீதியின் வாடகைக் காரும்தான். அந்தக் காரின் எஞ்சின் ஏற்றத்தில் நின்றால் என்ன நடக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. மனைவியின் நகையை அடகுவைத்து எஞ்சின் வாங்கிய சாரதிகள் குதிரை வலுவைக் கேட்கவில்லை. "இதற்குச் சாமான் பதுளையில் கிடைக்குமா, கொழும்புக்குப் போகவேண்டுமா?" என்றுதான் கேட்டார்கள். மூன்று நாள் கார் நின்றால் மூன்று நாள் உழைப்புப் போய்விடும்.

இன்னொரு விலையும் இருந்தது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்கீழ் பதியப்படும் வாகனத்தின் புத்தகத்தில் சசி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் உண்டு. எஞ்சினை மாற்றினால் திணைக்களத்துக்கு அறிவித்துப் புத்தகத்தையும் மாற்றவேண்டும். அதற்குக் கொழும்புக்கு அலைய வேண்டுமே என்று பலரும் விட்டுவிட்டார்கள். யுத்த காலத்துச் சோதனைச்சாவடிகளில், இலக்கம் பொருந்தாத வாகனத்தைத் தமிழர் ஒருவர் ஓட்டிச் செல்வது அபராதத்தோடு முடியும் விடயமாக இருக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் பலரிடம் தேசிய அடையாள அட்டையே இல்லாதிருந்த காலம் அது. அந்த ஆண்டுகளில் செய்தி சேகரிக்கச் சென்ற வழிகளில் நான் சந்தித்த அனுபவமுள்ள சாரதிகள், எஞ்சினின் பற்றுச்சீட்டை அடையாள அட்டையோடு சேர்த்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார்கள். விலை மலிந்த எஞ்சினைவிடப் பற்றுச்சீட்டு உள்ள எஞ்சினே மேல் என்பது அவர்கள் கண்ட அனுபவம்.

இன்றைய நிலை என்ன? 1981இல் நிஸான் சனியும் 1983இல் டொயோட்டா கொரோலாவின் பெரும்பாலான வகைகளும் முன்சக்கர இழுவைக்கு மாறின. எஞ்சின் குறுக்காகப் பொருத்தப்பட்டது. அத்தகைய எஞ்சினைப் பின்சக்கரம் இழுக்கும் பழைய காருக்குள் இடுவது பெரும் வேலை. அதன்பின் பொருத்தமான எஞ்சின்கள் வந்தது வேன்களிலிருந்தும் சிறிய டிரக்குகளிலிருந்துமே. சனி டிரக் ஜப்பானில் 1994 வரை ஏ12உடன் தயாரிக்கப்பட்டதாலும், லைட்ஏஸ், டவுன்ஏஸ் வேன்கள் 5கே எஞ்சினைத் தாங்கி வந்ததாலும் பழைய கார்களுக்கு இன்னும் சில காலம் உயிர் கிடைத்தது. அந்த எஞ்சின்களுக்கும் இப்போது வயதாகிவிட்டது.

மறுபுறம், மொரிஸின் சொந்த ஏ வரிசை எஞ்சின் மினி காருக்காக 2000ஆம் ஆண்டு வரை தயாரிக்கப்பட்டது. பழைய கார் ஆர்வலர்கள் உலகெங்கும் இருப்பதால் பிஸ்டனும் பெயாரிங்கும் கேஸ்கட்டும் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. ஆகவே, பிளாக் வெடிக்காமல், கடைவதற்கு இடமும் இருந்தால், பிறந்த எஞ்சினையே புதுப்பிப்பது பலருக்கு இன்று மலிவான வழியாகியிருக்கின்றது. அது முடியாதபோது, பின்சக்கர இழுவைக்குரிய எஞ்சினைக் கியர்பெட்டியோடு வாங்கவேண்டும். ரேடியேட்டரையும் பிரேக்கையும் அதற்கேற்ப மாற்றும் செலவை முன்கூட்டியே கணக்கில் சேர்க்கவேண்டும். பற்றுச்சீட்டையும் இறக்குமதி ஆவணத்தின் பிரதியையும் வாங்காமல் பணத்தை எண்ணிக்கொடுக்கக்கூடாது.

எஞ்சினின் விலை கடையில் ஒரு தடவை கேட்கப்படுவது. உதிரிப்பாகம், பிரேக், புத்தகம், நின்றுபோன நாட்கள் ஆகியவற்றின் விலை அடுத்த பத்து ஆண்டுகள் கேட்கப்படுவது. 1960களில் லேத்தின் முன் நின்றவரும், 1980களில் பஞ்சிகாவத்தையில் பேரம் பேசியவரும் இந்த இரண்டாவது விலையைத்தான் முதலில் பார்த்தார்கள். இன்று காரைப் பழுதுபார்க்கக் கொடுத்திருப்பவர்களும் அதனையே முதலில் பார்ப்பது நல்லது.