வன்தட்டின் எச்சரிக்கையும் கர்னலின் கடமையும்

கண்டி மாவட்டத்தின் தும்பனை பிரதேச செயலாளர் பிரிவில், குருநாகல் வீதியில் அமைந்துள்ள சிறு நகரம் கலகெதர. இம்மலைப் பகுதிகளுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை மூன்று நிலைகளைக் கொண்டது. 24 மணி நேரத்தில் மழை 75 மி.மீ. கடந்தால் விழிப்பு, 100 மி.மீ. கடந்தால் வெளியேற ஆயத்தம், 150 மி.மீ. கடந்தால் வெளியேற்றம். மலை சரியுமுன் உள்ள இடைநிலைக்கு இங்கே ஒரு பெயர் உண்டு. அதைக் கேட்டவர் செய்யவேண்டிய காரியமும் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கிறது. கணினிப் பணிசெயல் முறைமையின் மையக்கருவான கர்னலோ தேக்ககச் சாதனங்களின் எச்சரிக்கைகளைப் பெரும்பாலும் வெற்றி, தோல்வி என்ற இரண்டு பெட்டிகளுக்குள் அடக்கிவிடுகிறது. சாதனம் ஆபத்தை அறிந்து சொன்னாலும், அச்சொல்லை உரியவர் கையில் சேர்க்கும் பொறுப்பைக் கர்னல் முழுமையாக ஏற்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கணினியும் தேக்ககச் சாதனங்களும் பேசிக்கொள்ளும் ஸ்கசி நெறிமுறையை எடுத்துக்கொள்வோம். வன்தட்டு ஒரு பகுதியை வாசிக்கத் தடுமாறி, மீண்டும் முயன்று, கடைசியில் தரவைச் சரியாகத் தந்துவிட்டால், ‘மீட்கப்பட்ட பிழை’ என்ற குறிப்பையும் விடையோடு அனுப்பலாம். விரைவில் செயலிழக்கக்கூடும் என்று வட்டே தன்னைப் பற்றிக் கணித்துச் சொல்லும் குறியீடு, பதினறும எண்முறையில் 5டி. சாதனத்தின் அமைப்பைப் பொறுத்து அதுவும் இதே உறைக்குள் வரலாம். அப்படி வந்தால் லினக்ஸ் கர்னல் பதிவேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு, விளைவுக் குறியீட்டைச் சுழியாக்கி, மேலிருக்கும் கோப்பு முறைமைக்கு வெற்றி என்று அறிவிக்கிறது. கேட்ட தரவு பழுதின்றி வந்திருப்பதால் அந்த அறிவிப்பு பொய்யாகாது. ஆனால் கூடவே வந்த முன்னறிவிப்பு, எவரும் திறந்து பாராத பதிவேட்டில் தங்கிவிடுகிறது. தேவைக்கேற்ப இடம் ஒதுக்கும் களஞ்சியம் நிரம்பும் எல்லையை நெருங்கும்போது இதே கர்னல் வேறு விதமாக நடந்துகொள்கிறது: பதிவேட்டில் எழுதுவதோடு, பயனர் தளத்திலுள்ள நிரல்கள் கேட்கும்படி அதை ஒரு நிகழ்வாகவும் அனுப்புகிறது. இடம் தீரப்போவதற்குக் கிடைக்கும் இந்த மரியாதை, வட்டே சாகப்போவதற்குக் கிடைக்காததற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் தென்படவில்லை.

எச்சரிக்கை மட்டுமல்ல, தெளிவான பிழைகூட வழி தவறலாம் என்பதை 2018இல் போஸ்ட்கிரெஸ் தரவுத்தள வல்லுநர்கள் எழுப்பிய விவாதம் காட்டிற்று. நினைவகப் பக்கங்களை வட்டில் எழுத முடியாமற் போனபோதும் லினக்ஸ் அவற்றை எழுதி முடித்தவை போலக் குறித்துக்கொண்டது. தரவு வட்டில் சேர்ந்ததை உறுதிசெய்யக் கேட்கும் எஃப்சிங்க் என்ற அழைப்பில், முதலாவதற்குப் பிழை கிடைக்கும். இரண்டாவது வெற்றி என்று திரும்பும். மீண்டும் முயன்று தேறிவிட்டோம் என்று நம்பிய தரவுத்தளம், வட்டில் இல்லாததை இருப்பதாகக் கணக்கிட்டது. 2019 பெப்ரவரியில் வந்த 11.2 பதிப்பு முதல், இப்பிழை நேர்ந்தால் போஸ்ட்கிரெஸ் உடனே நின்று, மாற்றங்களை முன்கூட்டியே எழுதிவைக்கும் தன் பதிவேட்டிலிருந்து மீண்டெழுகிறது. கர்னல் தரப்பில், 2017இன் 4.13 பதிப்பே, திறந்திருக்கும் ஒவ்வொரு கோப்பும் தான் காணாத எழுதுபிழையை ஒருமுறை காண வழிசெய்திருந்தது. ஒரு செய்தியை யார் கண்டார், யார் காணவில்லை என்ற கணக்கைக் கர்னலால் வைத்திருக்க முடியும் என்பதற்கு இதுவே சான்று. பிழைக்கு முடிந்தது எச்சரிக்கைக்கும் முடியும்.

வட்டுகளின் முன்னறிவிப்பே நம்பத்தக்கதன்று என்பது முதல் ஆட்சேபம். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வட்டுகளை ஆராய்ந்து கூகுள் ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு இடம் தருகிறது: செயலிழந்த வட்டுகளுள் 56 சதவீதம் முக்கியமான நான்கு அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆயினும் அதே கட்டுரை, முதலாவது வருடல் பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாட்களுக்குள் செயலிழக்கும் வாய்ப்பு, அப்பிழை தோன்றாத வட்டினதைவிட 39 மடங்கு என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். மௌனமாக இருக்கும் வட்டை நம்பிவிடக் கூடாது. பேசிய வட்டை அலட்சியம் செய்யவும் கூடாது. 75 மி.மீ. மழை பெய்த இடமெல்லாம் சரிவதில்லை. அதற்காக மழைமானியை யாரும் கழற்றி வைப்பதில்லை.

கொள்கை வகுப்பது கர்னலின் வேலையன்று என்பது இரண்டாவது ஆட்சேபம். இது வலுவானது. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையும் பிழை கண்டால் தொடர்வதா, வாசிப்புக்கு மட்டும் திறந்து வைப்பதா, முழு முறைமையையும் நிறுத்துவதா என்ற தெரிவை நிர்வாகியிடமே விடுகிறது. ஆனால் தீர்ப்பது வேறு, தெரிவிப்பது வேறு. எச்சரிக்கையைக் கொண்டுபோய்ச் சேர்க்காத கர்னல், ஒன்றும் செய்யவேண்டாம் என்ற கொள்கையைத் தானே தெரிந்தெடுத்துவிடுகிறது. ஒரே எச்சரிக்கை ஆயிரம் முறை வந்து பதிவேட்டை நிரப்பும் என்ற அச்சத்துக்கும் வழியுண்டு. அதைச் செய்தியாகக் கருதாமல் சாதனத்தின் நிலையாகக் கருதி, முதலில் தோன்றிய நேரத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்திருந்தால் போதும்.

ஆக, வேண்டுவது மூன்று: எச்சரிக்கை எந்தச் சாதனத்தினுடையது என்ற அடையாளம், பயனர் தளத்துக்கு ஒரு நிகழ்வு, ஒரு நிரல் ஏற்றுக்கொள்ளும்வரை அழியாத நிலை. பெரிய தரவு மையங்களில் வட்டுகளைக் கண்காணிக்கத் தனி நிரல்கள் ஓடுகின்றன. ஒரே கணினியில் ஊர்க் கணக்கெல்லாம் வைத்திருக்கும் சிறு அலுவலகத்தில் பதிவேட்டைப் பார்க்க ஆளில்லை. தும்பனைக்கு விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பிரிவின் பெயர் உண்டு, நிலை உண்டு, செய்யவேண்டிய காரியம் உண்டு. 5டி என்ற குறியீட்டுக்கும் அப்படியொரு முகவரி வேண்டும்.