இடிக்கப்பட்ட பின்னி ஆலையும் நாம் மறந்த 1921-உம்



ஆவடியை அடுத்த வெள்ளானூரில் இருந்துகொண்டு பெரம்பூரைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. 1960-களில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தபோது நம் பகுதியின் வாழ்க்கையே மாறியது. இன்று அந்தத் தலைமுறை ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்கின்றன. டன்லப் டயர் ஆலையின் சங்கொலி நின்று ஆண்டுகள் பலவாகின்றன. கூரைகள் இறக்கப்படுவதும், சுவர்கள் சாய்க்கப்படுவதும், அடுக்குமாடி விளம்பரப் பலகை எழுவதும் நமக்குப் பழகிவிட்ட காட்சிகள். தூசி எங்கே போகும், வேலை இழந்தவர் நிலுவை என்னவாகும், அங்கே அடுத்து என்ன வரும் என்று மஹல்லாவில் கேள்விகள் எழுகின்றன. இக்கேள்விகளை நமக்கு முன்னரே சந்தித்தவர்கள் பெரம்பூர், புளியந்தோப்பு மக்கள். அவர்களிற் சிலரின் பிள்ளைகள்தாம் மலிவான மனை தேடி மேற்கே வந்து நம் அண்டை வீட்டாராக இருக்கின்றனர்.

பக்கிங்ஹாம் ஆலை 1876-இல் தொடங்கப்பட்டது. அப்போதைய சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு இடப்பட்டது. கால்வாய்க்கும் அவர் பெயரே. சில ஆண்டுகளில் பக்கத்திலேயே கர்நாடிக் ஆலை எழுந்தது. 1920-இல் இரண்டும் ஒரே நிறுவனமாயின. பின்னி நிறுவனத்தார் நடத்தியதால் மக்கள் வாயில் அது ‘பின்னி மில்’. அங்கே நெய்யப்பட்ட காக்கித் துணி படைக்கும் காவல்துறைக்கும் போயிற்று. ‘காக்கி’ என்ற சொல்லின் வேர் பாரசீக மொழியின் ‘காக்’, அதாவது மண், புழுதி. அதை நெய்த ஆலையும் இறுதியில் புழுதியாயிற்று.

ஆலையிலிருந்து வெகு தொலைவில் இல்லாத இடத்தில்தான் தோல் வணிகர்களான ஜமால் குடும்பத்தார் நிறுவிய ஜமாலியா அரபுக் கல்லூரி இருக்கிறது. உலமாக்கள் ஓதிய தெருவும் தறித் தொழிலாளர் நடந்த தெருவும் ஒன்றாகவே இருந்தன என்று கொள்வதில் பிழையில்லை. ஆயினும் நம் நூல்களில் கல்லூரியின் வரலாறு உண்டு. ஆலையில் உழைத்த முஸ்லிம்களின் வரலாறு இல்லை.

அந்தத் தொழிலாளர்களின் குறைகள் மிக எளியவை. மதிய உணவுக்கு விடப்படும் நேரம் போதவில்லை, மேற்பார்வையாளர்கள் அடிக்கிறார்கள், கூலி குறைவு. பெரம்பூரில் கடை வைத்திருந்த செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் இக்குறைகளைக் காது கொடுத்துக் கேட்டனர். திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் துணை நிற்க, 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்திய நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அதைக் குறிப்பிடுவர். சங்கத் தலைவர்கள் மீது நிறுவனம் உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்துத் தடையுத்தரவு பெற்றது. தொழிற்சங்கத்தைப் பாதுகாக்கச் சட்டமே இல்லை என்பது அப்போதுதான் நாட்டுக்கு உறைத்தது. 1926-ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் பின்னணியில் இந்தப் பெரம்பூர் வழக்கு இருக்கிறது. கூலியைத் தாமதிக்கக் கூடாது என்ற நபிவழிக் கட்டளையை ஜும்ஆ மேடைகளில் நாம் அடிக்கடி கேட்கிறோம். அதற்காக நம் ஊரிலேயே நடந்த போராட்டத்தை மேடையில் கேட்டதில்லை.

இனிச் சொல்லப்போவது கசப்பானது.

1921 கோடையில் ஆலைகளில் பெரும் வேலைநிறுத்தம் வந்தது. கிலாஃபத் இயக்கமும் ஒத்துழையாமை இயக்கமும் கொழுந்துவிட்ட காலம் அது. இந்துவும் முஸ்லிமும் தோளோடு தோள் நின்றனர் என்று நாம் பெருமையாகச் சொல்லும் காலம். ஆலை வாசலிலும் அவ்வாறே நின்றனர், உண்மைதான். ஆனால் ஆதி திராவிடத் தொழிலாளர்களிற் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். சில வாரங்கள் கூலியின்றித் தாக்குப்பிடிக்க அவர்களிடம் எதுவும் இல்லை. தங்களை அன்றாடம் ஒதுக்கி வைத்தோர் நடத்தும் போராட்டத்தில் தங்களுக்கு என்ன பங்கு என்ற கேள்வியும் அவர்களுக்கு இருந்தது. அவர்களின் தலைவர் எம்.சி. ராஜா அவர்கள் பக்கம் நின்று பேசினார். பகை மூண்டது. புளியந்தோப்பில் சேரிக் குடிசைகள் எரிந்தன. தாக்குதல் இரு பக்கமும் நடந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ஒரு பக்கத்தில் ஆதி திராவிடர்கள்; மறுபக்கத்தில் சாதி இந்துக்களும், அவர்களோடு முஸ்லிம்களும். அக்டோபரில் வேலைநிறுத்தம் முடிந்தபோது தொழிலாளர்கள் ஏறக்குறைய வெறுங்கையோடு உள்ளே போயினர்.

நம்மவரும் எரித்தவர் பக்கம் நின்றனர் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்குகிறோம். தயங்கக் கூடாது என்பது எமது கருத்து. நீதிக்காக நில்லுங்கள், அது உங்களுக்கே பாதகமாயினும் சாட்சி சொல்லுங்கள் என்பதே நமக்கு இடப்பட்ட கட்டளை. ஒற்றுமை மாநாட்டுப் புகைப்படங்களை மட்டும் சட்டமிட்டு மாட்டிவிட்டு, அதே ஆண்டின் எரிந்த குடிசைகளை விட்டுவிடுவது அந்தச் சாட்சியத்தில் பாதியை மறைப்பதாகும்.

ஆலை 1996-இல் மூடப்பட்டது. அதன் பின்னர் காலிக் கொட்டகைகளில் திரைப்படச் சண்டைக் காட்சிகள் எடுத்தனர். எம் மாணவர்களிடம் பின்னி மில் தெரியுமா என்று கேட்டால், வில்லன் அடைத்து வைக்கும் இடமா என்று திருப்பிக் கேட்கின்றனர்! படிப்படியாகக் கட்டடங்கள் இடிக்கப்பட்டு, இன்று அங்கே உயர்ந்த குடியிருப்புகள் எழுந்துள்ளன.

மும்பையில் இதே கதை பெரிய அளவில் நடந்தது. அங்குள்ள ஆலைகளின் தறிகளில் வட இந்தியாவிலிருந்து வந்து மதன்புராவில் குடியேறிய மோமின் நெசவாளர்களான முஸ்லிம்கள் திரளாக உழைத்தனர். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் சாய்ந்தன. ஆலை நிலத்தை விற்பவர் ஒரு பங்கை நகரின் திறந்தவெளிக்கும், ஒரு பங்கைப் பொது வீட்டுவசதிக்கும் தர வேண்டும் என்று 1991-இல் விதி வந்தது. 2001-இல் அவ்விதியைத் திருத்தி, கட்டடம் இல்லாத காலி நிலத்துக்கு மட்டும் அது பொருந்தும் என்றனர். நிலமெல்லாம் கட்டடமாக இருந்த ஆலைகளில் காலி நிலம் எவ்வளவு இருக்கும்? மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2006-இல் உச்சநீதிமன்றம் திருத்தத்தை ஏற்றது. தோற்றார்கள்தாம், ஆயினும் அந்நிலத்தில் ஊருக்கு உரிமை உண்டா என்ற கேள்வியை நகரம் முழுவதும் பேச வைத்தார்கள். அந்தக் கேள்வி சென்னையில் அவ்வளவு உரக்க எழவில்லை.

நம் பகுதிக்கு வருவோம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டுவோர் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டு விதி. இடிபாடுகளை எங்கே, எப்படி அகற்றுவது என்பதற்கு 2016-இல் மத்திய அரசு விதிகள் வகுத்தது. பழைய கொட்டகைகளின் கூரை பெரும்பாலும் கல்நார்த் தகடு. அதை உடைத்தால் பறக்கும் இழை நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்து நோயாக வெளிப்படும். முகமூடிகூட இல்லாமல் அதை உடைக்கும் கூலியாள் பெரும்பாலும் வெளிமாநிலத்துப் பிள்ளை. உடைந்த துண்டுகளோ இரவோடு இரவாக ஏரிக்கரையில் கொட்டப்படுகின்றன. அந்த ஏரியின் நீர்தான் நம் கிணற்றுக்கு ஊறுகிறது. ஜமாஅத் நிர்வாகிகள் திருமணப் பதிவேட்டுக்கும் சந்தாவுக்கும் கூடும் கூட்டத்தில் இதையும் ஒரு பொருளாக வைத்து, உள்ளாட்சி அலுவலகத்துக்கு எழுத்து மூலம் மனு தரலாம். தெருவில் உள்ள எல்லா மக்களோடும் சேர்ந்து, குறிப்பாகச் சேரி என்று இன்னும் சிலர் அழைக்கும் தெருவோடும் சேர்ந்து தர வேண்டும்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. பின்னியிலோ டன்லப்பிலோ அம்பத்தூர்ப் பேட்டையிலோ உழைத்த பெரியவர்கள் அஸருக்குப் பின் நம் பள்ளிவாசல் திண்ணைகளில் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களின் வேலை அட்டைகள், கூலிச் சீட்டுகள், சங்க ரசீதுகள் தகரப் பெட்டிகளில் கிடக்கின்றன. வரும் கோடை விடுமுறை வகுப்பில் ஏழாம் வகுப்புக்கு மேற்பட்ட பிள்ளைகளை ஆளுக்கு ஒரு பெரியவரிடம் அனுப்பி, அவர் பேசுவதை எழுதி வரச் செய்ய எண்ணியுள்ளோம். பிற மஹல்லாக்களின் உஸ்தாதுகளும் இதைச் செய்ய முன்வந்தால், ஏடுகளை ஒன்றாகத் தைத்து வைக்க எம் மதரஸாவில் ஓர் அலமாரி காலியாக உள்ளது.